ஸ்டென்ட் மறுபடி சுருங்கினால்: ஒப்பிடும்போது விடுகிற பிழைகள்

"அவருக்கு மருந்து பலூனோட முடிச்சிட்டாங்க, எனக்கு மட்டும் ஏன் பைபாஸ்?" திருகோணமலையில் இதய கிளினிக் வாங்கில் கொஞ்ச நேரம் இருந்தால் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும். ஸ்டென்ட், அதாவது இதயக் குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழாய், மறுபடி சுருங்கினால் சிலருக்கு மருந்து பலூன் (உள்ளே விரித்து, மருந்தைத் தடவிவிட்டு வெளியே எடுப்பது), சிலருக்கு இன்னொரு ஸ்டென்ட், சிலருக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை. பக்கத்தில் இருப்பவரின் சிகிச்சையை நமக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் முதல் பிழை.

ஸ்டென்ட் சுருங்குவதற்குக் காரணம் பல. போட்டபோதே முழுதாக விரியாமல் இருந்திருக்கலாம், உள்ளே திசு வளர்ந்திருக்கலாம், புதிதாகக் கொழுப்பும் கல்சியமும் படிந்திருக்கலாம். விரியாத ஸ்டென்டுக்குள் இன்னொன்றைச் செருகினால் அதுவும் ஒடுங்கித்தான் கிடக்கும். அழுத்தம் கூடிய பலூனால் முதலில் பழையதை விரிக்க வேண்டும். குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் அஞ்சியோ எக்ஸ்ரே படத்தில் இது எப்போதும் தெளிவாகத் தெரியாது. இரத்தக்குழாய்க்குள் சிறு கருவியை விட்டுப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் அல்லது ஒளியால் படமெடுக்கும் ஓசிடி பரிசோதனை காட்டிக்கொடுக்கும். கண்டிக்கோ கொழும்புக்கோ போகும்போது பழைய டயக்னோசிஸ் கார்டையும் அஞ்சியோ சீடியையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முன்பு போட்ட ஸ்டென்டின் அளவை டொக்டர் அவற்றில்தான் தேடுவார்.

அடுத்தது சதவீதக் கணக்கு. 2024 மார்ச்சில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி வழங்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ, இதயக் குழாய்க்கான மருந்து பூசிய பலூனை முதன்முறையாக அனுமதித்தது. அதுவும் சுருங்கிய ஸ்டென்டுக்காகவே. 600 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் அந்த இடத்தில் மறுபடி சிக்கல் வந்தவர்கள் 17.9 சதவீதம், சாதாரண பலூனில் 28.6. நல்ல முடிவுதான். ஆனால் போட்டி சாதாரண பலூனோடு! புதிய மருந்து ஸ்டென்டை விட இது மேல் என்று அந்த எண்கள் சொல்லவில்லை. அந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்த 10 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கணக்கில், மூன்று ஆண்டுகளில் அதே இடத்துக்கு மறுசிகிச்சை தேவைப்பட்டது பலூனில் 16 சதவீதம், ஸ்டென்டில் 12. அப்படியென்றால் பலூன் எதற்கு? அது உலோகம் எதையும் விட்டுவைப்பதில்லை. ஏற்கெனவே இரண்டு அடுக்கு ஸ்டென்ட் உள்ளவருக்கு மூன்றாவதைப் போட டொக்டர்கள் தயங்குவது அதனால்தான்.

பைபாஸ் என்றதும் "கைவிட்டுட்டாங்க" என்று நினைப்பதும் பிழை. சலரோகமும் பல குழாய்களில் அடைப்பும் உள்ளவருக்கு அதுவே நீண்டகாலத்துக்கு நல்லதாக இருக்கலாம்.

சிகிச்சை எதுவானாலும் இரத்தம் கட்டாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரல் குளிசைகளை டொக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, பல் பிடுங்கப் போகும்போதும்கூட. மெல்லச் சுருங்குவது வேறு, இரத்தம் கட்டி சட்டென்று அடைப்பது வேறு. நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டினால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.