பிசினஸா, எகனாமிக்ஸா? டெல்லியில் பிளஸ் டூ முடிப்பவர்களுக்கு

ஆர்.கே.புரத்தில் பரீட்சை நேரம் நெருங்கினாலே தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்பது, "அக்கா, பி.காம். எடுக்கவா, எகனாமிக்ஸ் எடுக்கவா?" என்றுதான். எந்த வேலைக்குச் சம்பளம் அதிகம் என்பதில் தொடங்காதீர்கள். நான் சொல்லும் வரிசையில் செய்து பாருங்கள்.

முதல் படி: உங்களுக்கு எந்தக் கேள்வி பிடிக்கிறது?

முனிர்காவில் ஒரு இட்லி மாவுக் கடை இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பாக்கெட்டில் எவ்வளவு மிஞ்சும், கடனுக்குக் கொடுக்கலாமா, இன்னொரு கடை போடலாமா என்று மனசு ஓடினால் அது வணிகப் படிப்பின் கேள்வி. அந்தத் தெருவில் வாடகை ஏன் இப்படி ஏறுகிறது, அங்கே தங்கியிருக்கும் பெண்களில் எத்தனை பேர் கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகிறார்கள் என்று ஓடினால், எண்களை வைத்துச் சமூகத்தைப் படிக்கும் எகனாமிக்ஸ் பக்கம் நீங்கள் சாய்கிறீர்கள்.

இரண்டாம் படி: முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தைத் திறந்து படியுங்கள்.

டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.காம். ஆனர்ஸ் என்றால் மேலாண்மை, வணிகச் சட்டம், நிதிக் கணக்கியல். எகனாமிக்ஸ் ஆனர்ஸ் என்றால் நுண்பொருளாதாரத்தோடு கணித முறைகளும் புள்ளியியலும் முதல் நாளிலிருந்தே வரும்.

மூன்றாம் படி, இதுதான் முக்கியம்: இரண்டு சனிக்கிழமை ஒதுக்குங்கள்.

முதல் சனிக்கிழமை, தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கேட்டு அவருடைய ஒரு வாரத்து வரவுசெலவை எழுதி, லாபம் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். அடுத்த சனிக்கிழமை, மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2017 முதல் நடத்திவரும் தொழிலாளர் கணக்கெடுப்பின் (பி.எல்.எஃப்.எஸ்.) ஆண்டறிக்கையை இலவசமாக இறக்கி, வேலைக்குப் போகும் பெண்களின் விகிதத்தை மாநில வாரியாகப் பாருங்கள். பணக்கார டெல்லியைவிடத் தமிழ்நாட்டில் அது நன்றாகவே அதிகம். ஏன் என்று மூன்று காரணம் எழுதி, ஒவ்வொன்றும் சரியா என்று பார்க்க அதே அறிக்கையில் எந்த அட்டவணை உதவும் என்று தேடுங்கள். எந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது காதில் விழவில்லையோ, அதைக் குறித்து வையுங்கள்.

நான்காம் படி: பின்னால் மாற முடியுமா?

எகனாமிக்ஸ் படித்தவர் எம்.பி.ஏ.வுக்குப் போகலாம், அதற்கான நுழைவுத் தேர்வான கேட் எழுத எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் சரி. பி.காம். முடித்துவிட்டு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டெல்லி மையத்தில் அளவியல் பொருளாதாரம் (குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ்) முதுகலை படிக்க நினைத்தால், நுழைவுத் தேர்வுக்குக் கணிதத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் உழைப்பு இரட்டிப்பு. மத்திய அரசில் பொருளாதார அதிகாரி ஆவதற்கான இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதப் பொருளாதாரத்தில் முதுகலையும் வேண்டும். பட்டயக் கணக்காளர் ஆகும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் யோசிக்காமல் பி.காம். போங்கள், பாதிப் பாடம் கைகொடுக்கும்.

கடைசிப் படி: சி.யூ.இ.டி. (பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) விண்ணப்பம்.

கணக்குக்குப் பயந்து பிசினஸ் பக்கம் ஒதுங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன், டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.எம்.எஸ். என்ற மேலாண்மைப் படிப்பில் சேரவும் கணிதத் தாள் எழுதியாக வேண்டும். எகனாமிக்ஸ் ஆனர்ஸுக்கும் அப்படித்தான். பி.காம். ஆனர்ஸுக்குக் கணிதமோ கணக்குப்பதிவியலோ இரண்டில் ஒன்று போதும். அதனால் இரண்டு சனிக்கிழமைக்குப் பிறகும் மனசு தெளியவில்லை என்றால், பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவர்கள் அந்தத் தாளை விடாமல் டிக் செய்துவிடுங்கள். பி.எம்.எஸ்.ஸுக்குத் தேவையான பொதுத் திறன் தாளையும் சேர்த்துக்கொண்டால், சேர்க்கை நேரம் வரை மூன்று கதவும் திறந்தே இருக்கும்.