பில்டர் காபிக் கடை: டிகாக்‌ஷன் முதல் கல்லா வரை

இடமும் பெயர்ப்பலகையும் கூட்டத்தை ஒருமுறை கொண்டுவரும். மறுநாளும் அதே ஆள் வருவது, காலை ஆறு மணிக்குக் குடித்த ருசி மாலை ஆறு மணிக்கும் அப்படியே இருந்தால்தான். அதற்கு மாஸ்டரின் கைராசியை நம்ப வேண்டாம். அளவை நம்புங்கள்.

தூளில் இருந்து தொடங்குவோம். கடைக்குக் காபி 80, சிக்கரி 20 என்ற கலவை ஒத்துவரும். காபிக்கொட்டையில் பீபெரி (உருண்டைக் கொட்டை), ரொபஸ்டா (திடமான ரகம்) இரண்டையும் சம அளவு சேர்த்தால் மணமும் இருக்கும், பால் ஊற்றிய பின் திடமும் நிற்கும். சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஆனால் சிக்கரி 30-ஐத் தாண்டினாலே நிறம்தான் மிஞ்சும். ஒரு வாரத்துக்கு மேல் தூள் வாங்கி அடுக்காதீர்கள்.

அரை கிலோ தூளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். தூள் ஒரு லிட்டரைப் பிடித்துக்கொள்ள, கீழே சுமார் ஒன்றரை லிட்டர் கெட்டி டிகாக்‌ஷன் இறங்கும். தளதளவென்று கொதிக்கும் நீரை அப்படியே கொட்டினால் கசப்பு முன்னால் வந்து நிற்கும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் எவ்வளவு நல்ல தூளும் சப்பென்றாகிவிடும். கேன் தண்ணீர் செலவு இங்கே வீண்செலவு அல்ல.

டிகாக்‌ஷன் இறங்காமல் நின்றால் மூன்று காரணம். தூள் மாவாக அரைபட்டிருக்கும், அழுத்தித் திணித்திருப்பீர்கள், அல்லது கீழ்ப் பாத்திரத்துக் காற்று வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருக்கும். கடைசியானதுக்கு மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வைத்தாலே போதும். மாறாக, மளமளவென்று இறங்கினால் அரைப்பு கொரகொரப்பு, காபி நீர்க்கும். முழுதும் இறங்க அரை மணிக்கு மேல் ஆகும் என்பதால், முதல் பில்டர் பாதி காலியானதுமே அடுத்ததைப் போட்டுவிட வேண்டும். இறங்கிய டிகாக்‌ஷனை நேரடியாக அடுப்பில் சூடாக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இரண்டாம் டிகாக்‌ஷனை முதலாவதில் கலக்கும் சிக்கனத்தைத்தான் வாடிக்கையாளர் நாக்கு முதலில் கண்டுபிடிக்கும்.

பாலுக்கு 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால், ஆவினில் ஆரஞ்சு பாக்கெட். இரண்டிரண்டு லிட்டராகக் காய்ச்சுங்கள். காலையில் மீந்த பாலின் தலையில் புதுப்பாலை ஊற்றுவது கூடவே கூடாது. பழையது திரிந்தால் மொத்தமும் போச்சு.

இனிக் கணக்கு. ஒரு டம்ளருக்கு 30 மில்லி டிகாக்‌ஷன், 90 மில்லி பால், 10 கிராம் சர்க்கரை. தூள் கிலோ 700, பால் லிட்டர் 70, சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தூளுக்கு 7 (கிலோவுக்கு நூறு டம்ளர்), பாலுக்கு 6.30, சர்க்கரைக்கு 0.45, கேஸையும் சேர்த்தால் 15 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 25 ரூபாய்க்கு விற்றால் பத்து ரூபாய் நிற்கும். மாதத்துக்கு வாடகை 30,000, இரண்டு ஆள் சம்பளம் 40,000, மின்சாரமும் சில்லறையும் 5,000 என்றால் நாளுக்கு 2,500 ரூபாய். அதாவது 250 காபி போனால்தான் கைநட்டமில்லை, உங்கள் சம்பளம் சேராமலே! வடையும் பிஸ்கட்டும் கடையில் இருப்பது அழகுக்காக அல்ல.

மாஸ்டர் தாராளமாகக் காபிக்குப் பத்து மில்லி டிகாக்‌ஷன் கூட ஊற்றினால் 250 காபிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 580 ரூபாய் போகும். எனவே 30 மில்லி அளவுக் கரண்டியை மட்டும் கையில் கொடுங்கள். "ஸ்ட்ராங்" கேட்பவருக்கு 40 மில்லி, விலையும் தனி.

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று அல்லது உரிமம் பார்வையில் மாட்டியிருக்க வேண்டும். சிலிண்டர் 19 கிலோ வணிக இணைப்பு மட்டுமே; வீட்டு சிலிண்டர் பிடிபட்டால் வம்பு. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்கும் பிளாஸ்டிக் பைக்கும் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை. பார்சலுக்கு ஃபிளாஸ்க் கொண்டுவரச் சொல்லுங்கள். டபரா டம்ளரை வாளியில் முக்கியெடுக்காமல் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குடிப்பவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

இரவு கல்லா முடிக்கும்போது பணத்தோடு தூளையும் எண்ணுங்கள். தீர்ந்த தூள் ஒரு கிலோவுக்கு நூறு காபி டோக்கன் விற்றிருக்க வேண்டும். எண்பத்தைந்துதான் இருக்கிறது என்றால் கரண்டி, கடன், ஓசிக் காபி என்ற வரிசையில் தேடுங்கள். பிறகு பில்டரை வெந்நீரில் கழுவி, துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் மறுநாள் முதல் டிகாக்‌ஷனிலேயே சிக்குவாடை வரும்.