தொங்கும் தோலை அகற்றும் அறுவை சிகிச்சை: முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியின் சித்திரை வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 118 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு இறங்கிய என் அக்கா, அந்த வெயிலில் பழைய வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து, அடிவயிற்றில் மடிந்து தொங்கிய தோலுக்கு அடியில் செருகிக்கொண்டுதான் சமையற்கட்டில் நிற்பார். மதியத்துக்குள் அந்தத் துணியை மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போதெல்லாம் மடிப்புக்குள் தோல் செக்கச்செவேலென்று உரிந்து, புளித்த வாடை வீசும். இளைத்துவிட்டாயே என்று ஊர் பாராட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவர் பட்ட பாடு இது. அவருடைய அறுவை சிகிச்சைக்குத் துணையாக இருந்தவன் என்ற முறையில், நாங்கள் செய்த தவறுகளையும் மயிரிழையில் தப்பிய தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

எண்ணெய், களிம்பு, உடற்பயிற்சி ஆகியவற்றால் தோல் தானாகச் சுருங்கிவிடும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதே பலரும் செய்யும் முதல் தவறு. பல ஆண்டுகள் இழுபட்ட தோலில், அதற்கு மீளும் தன்மையைத் தரும் நார்கள் அறுந்து போயிருக்கும். உடற்பயிற்சி தோலுக்கு அடியிலுள்ள தசையைத் தேற்றுமே தவிர, அறுந்த நார்களை ஒட்டவைக்காது. இதற்கு நேர் எதிரான தவறு அவசரம். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போதே தோலை வெட்டினால் பிறகு மீண்டும் தொங்கும். எடை ஏறினால் தையல் போட்ட இடம் விரிந்து தழும்பு அகலும். ஆகவே எடையைக் குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை பொறுத்து, அதில் கடைசி ஆறு மாதங்களாவது எடை ஏறாமல் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும். இன்னும் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமுள்ள பெண்கள் வயிற்று அறுவையைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது; கர்ப்பத்துக்கு அதனால் ஆபத்து என்பதற்காக அல்ல, செலவழித்துச் செய்தது ஒரே பிரசவத்தில் தளர்ந்துவிடும் என்பதற்காக.

எந்த அறுவை என்பதில் வரும் குழப்பம் பெரிது. எங்களுக்கு முதலில் யோசனை சொன்ன ஓர் அழகு நிலையத்தில், லிபோசக்ஷன் செய்தாலே போதும், ஒரே நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். லிபோசக்ஷன் கொழுப்பை உறிஞ்சும், தோலை எடுக்காது. ஏற்கெனவே காற்று இறங்கிய பலூன்போல் இருக்கும் வயிற்றில் அதை மட்டும் செய்தால் தொங்கல் கூடத்தான் செய்யும். தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டியெடுப்பது ஒரு வகை அறுவை. அதோடு விலகிப்போன வயிற்றுத் தசைகளையும் இழுத்துத் தைத்து, தொப்புளையும் இடம் மாற்றிப் பொருத்தும் ‘டம்மி டக்’ வேறு வகை. தனக்குச் செய்யப்போவது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது. செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் பெற்றவரா, அறுவை நடக்கும் இடத்தில் மயக்க மருந்து நிபுணரும் தீவிர சிகிச்சை வசதியும் உண்டா என்று கேட்பதை மரியாதைக் குறைவாக யாரும் எண்ண வேண்டாம்.

காப்பீட்டில் நாங்கள் செய்த தவறு சிறியது, ஆனால் அதற்கான விலை பெரியது. அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் அறுவைக்குக் காப்பீடு கிடையாது; உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அது தேவை என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர் சான்றளித்தால் காப்பீடு கேட்கலாம். மடிப்பில் திரும்பத் திரும்ப வந்த படைக்கும் புண்ணுக்கும் அக்கா இரண்டு ஆண்டுகளாக மருந்து வாங்கியிருந்தார். ஆனால் அந்தச் சீட்டுகளில் பாதி, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் விரித்துப் போடப்பட்டு மஞ்சள் கறை படிந்து எழுத்தே தெரியாமல் போயிருந்தது. தேதியுள்ள சீட்டுகளையும் புண்ணின் புகைப்படங்களையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும்.

உடம்பைத் தயார் செய்யாமல் போவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். இரைப்பை அறுவை செய்தவர்களுக்கு இரும்புச் சத்து, பி12, புரதம் ஆகியவை குறைவது வழக்கம். தெரியாமல் கத்தி வைத்தால் புண் ஆறாது. ஒரு நாளைக்கு 60 முதல் 100 கிராம் வரை புரதம் சேர வேண்டும் என்பார்கள். நம் ஊர்க் களியும் கீரைக் குழம்பும் நல்ல உணவுதான், ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவில் புரதம் சுமார் 7 கிராம்தான் இருக்கிறது. கொள்ளு, பாசிப்பயறு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றைச் சேர்க்காமல் கணக்கு நிறையாது. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றை அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்களாவது அறவே நிறுத்த வேண்டும். நிகோடின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தையல் ஓரத்துத் தோல் கறுத்துச் செத்துவிடும். இதை மருத்துவரிடம் மறைப்பவர்கள் உண்டு, தோல் மறைக்காது. ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, லேகியம், சூரணம் என எதை உட்கொண்டாலும் சொல்லிவிட வேண்டும். செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதை மயக்க மருந்து நிபுணரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும். அந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கி, மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

வயிறு, கை, தொடை, மார்பு அத்தனையையும் ஒரே நாளில் முடித்துவிடும்படி கேட்பவர்கள் இருக்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும் நேரம் நீள நீள இரத்த இழப்பும், இரத்தம் உறையும் அபாயமும் கூடும். தவணை தவணையாகச் செய்துகொள்வதே முறை. இங்கிருந்து பலரும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். மருத்துவமனையிலிருந்து விடுவித்த அன்றே வேகத்தடைகளையும், சேலத்திலிருந்து என்றால் தொப்பூர் கணவாயையும் தாண்டி உட்கார்ந்தபடியே வருவதைவிட, முதல் வாரம் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குவது நல்லது. வந்தே ஆக வேண்டுமென்றால் வழியில் இரண்டு மூன்று முறை இறங்கி நடக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் தொடங்குவது பத்தியச் சண்டை. பருப்பு போட்டால் சீழ் பிடிக்கும், முட்டை சூடு, மீன் தையலைப் பிரிக்கும், கத்தரிக்காய் அரிக்கும் என்று வரிசையாகச் சொல்லி, என் பெரியம்மா அக்காவுக்கு மிளகு ரசமும் சோறும் மட்டுமே போடச் சொன்னார். புண் ஆறத் தேவையான புரதத்தை அதே வாரத்தில் நிறுத்துவதைவிடப் பெரிய தீங்கு இல்லை. பெரியவர்களிடம் வாதாடிப் பயனில்லை என்று கண்டுகொண்ட நான், யாரும் பார்க்காதபடி முட்டையை வாங்கி வந்து அவித்துக் கொடுத்தேன். தையலில் மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய் எதையும் மருத்துவர் சொல்லாமல் வைக்கக் கூடாது.

உள்ளே ஊறும் நீரை வெளியேற்ற வயிற்றில் போட்டிருக்கும் டிரெயின் குழாயை அலட்சியம் செய்வதும் தவறு. அக்காவுக்கு இரண்டு குழாய்கள். தினமும் காலை ஏழு மணிக்கு இரண்டையும் தனித்தனியே அளவுக் குவளையில் ஊற்றி, மில்லியையும் நிறத்தையும் பள்ளி நோட்டில் எழுதுவேன்: 90, 70, 55 என்று இறங்கி வந்தது. 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே பொதுவாகக் குழாயை எடுப்பார்கள்; தொல்லையாக இருக்கிறதென்று முன்னதாகவே எடுக்கச் சொன்னால் உள்ளே நீர் கோத்து, பிறகு ஊசியால் உறிஞ்ச வேண்டி வரும்.

படுத்தே கிடப்பது ஓய்வு என்று நினைக்கக் கூடாது. மறுநாளே எழுந்து, இடுப்பைச் சற்று வளைத்தபடி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் காலில் இரத்தம் உறையலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு திணறினாலோ, காலைவரை பொறுக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். பாயில் படுத்து எழுவது தையலை இழுக்கும் என்பதால் கட்டிலும், முழங்காலுக்கு அடியில் வைக்க இரண்டு தலையணைகளும், குந்தும் கழிப்பறை உள்ள வீட்டில் ஒரு கமோட் நாற்காலியும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீரின் எடை சுமார் 15 கிலோ இருக்கும். ஆறு வாரங்களுக்கு அதைத் தூக்கக் கூடாது. பால் கறக்கக் குந்துவதும் அப்படியே. வயிற்றைச் சுற்றிக் கட்டச் சொல்லும் பெல்ட்டை வெயில் என்று கழற்றி வைப்பவர்கள், இரண்டு பெல்ட் வாங்கித் துவைத்து மாற்றிக் கட்டலாம்.

தழும்பே இல்லாமல் ஆறிவிடும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். இடுப்பு எலும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு விழும்; அது வெளிற ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். நம் நிறத்தோலில் தழும்பு தடிப்பது அதிகம் என்பதால், காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ முன்பு தடித்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். தழும்பின் மேல் சிலிக்கோன் தாள் ஒட்டச் சொன்னால் மாதக்கணக்கில் ஒட்ட வேண்டும். தொப்புளுக்குக் கீழே பல மாதங்கள் தோல் மரத்திருக்கும். மூன்றாம் மாதத்தில் வலிக்கு இதமாக இருக்கட்டுமென்று அக்கா வெந்நீர்ப் பையை அங்கே வைத்துக்கொண்டார். சுட்டது அவருக்குத் தெரியவேயில்லை. மறுநாள் காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.