பழைய இன்டர்காம் பெட்டி: தூர் வாருவதா, புதிதாக வெட்டுவதா?

எங்கள் பக்கத்தில் கிணற்றில் தண்ணீர் குறைந்ததும் போர்வெல் வண்டிக்குச் சொல்லிவிட மாட்டார்கள். ஆளை இறக்கிச் சேற்றை அள்ளி, ஊற்றுக்கண் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சு. அதே ஆட்கள் அலுவலக இன்டர்காம் இரண்டு நாள் கரகரத்தால் மட்டும் ‘தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம்’ என்கிறார்கள்.

பல்லடம் அருகே ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்பு பார்க்கிறேன். எங்கள் இன்டர்காம் போன்களையும் வெளி லைன்களையும் இணைக்கும் ஈபிஏபிஎக்ஸ் பெட்டிக்கு வயது 16. சித்திரை இடிக்கு ஒரு கார்டு (பெட்டிக்குள் செருகும் சர்க்யூட் பலகை), ஐப்பசி இடிக்கு ஒரு கார்டு என்று காவு கொடுத்துக்கொண்டிருந்தோம். முதலாளி இரண்டு விற்பனையாளர்களை அழைத்தார். ஒருவர் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். மற்றவர் கார்டு போட்டால் போதும் என்றார். இருவரும் பெட்டியின் மூடியைத் திறக்கவே இல்லை. பிறகு நானே உட்கார்ந்து செய்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதற்குத் தொலைபேசி நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: மூடியைத் திறந்து எழுதுங்கள்

மாடல் பெயர், வெளி லைன்கள் (டிரங்க்) எத்தனை, எக்ஸ்டென்ஷன்கள் (உள் போன் இணைப்புகள்) எத்தனை, அவற்றில் செத்தவை எத்தனை, கார்டு செருகக் காலி ஸ்லாட் எத்தனை என்று ஒரு தாளில் குறியுங்கள். பேட்டரி வாங்கிய தேதியையும் பாருங்கள். கரண்ட் போன மறுநொடி இன்டர்காம் சாகிறது என்றால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். நூற்பாலை என்றால் பெட்டிக்குள் பஞ்சுத் தூசு மெத்தை போட்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

படி 2: குறை பெட்டியிலா, கம்பியிலா?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பணம் வீணாவதும் இங்கேதான்.

எக்ஸ்டென்ஷன் கம்பிகள் எல்லாம் குரோன் மாட்யூல் எனப்படும் பட்டைகளில் வந்து சேரும். தகராறு செய்யும் எண்ணின் வெளிக்கம்பியை அங்கே கழற்றுங்கள். நன்றாக வேலை செய்யும் போன் ஒன்றைப் பெட்டிப் பக்கத்துக் கம்பி ஜோடியில் மாட்டிப் பேசிப் பாருங்கள். கரகரப்பு போய்விட்டதா? அப்படியென்றால் பெட்டி நிரபராதி. கம்பியோ மேசைமேல் இருக்கும் போனோதான் கெட்டிருக்கிறது. இங்கேயும் கரகரத்தால் கார்டு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மணி அடிக்கும்போது அந்தக் கம்பியில் 70, 80 வோல்ட் வரை வரும். ஈரக் கையோடு தொட வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் அந்தப் பக்கமே போகக் கூடாது.

எங்களிடம் இருந்த 12 புகார்களில் 7 கம்பிக் கோளாறு. அணில் கடித்தது, தண்ணீர் இறங்கிய ஜாயின்ட், நசுங்கிய சாக்கெட். புதிய பெட்டி வாங்கி அதே கம்பியில் மாட்டியிருந்தால் அதே கரகரப்பைத்தான் புது விலைக்குக் கேட்டிருப்போம்.

இடியில் கார்டு எரிவதற்கும் பெட்டியின் வயதுக்கும் பெரிய சம்பந்தமில்லை. கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு வெளியே இழுத்த கம்பிதான் அதை உள்ளே அழைத்து வருகிறது. கம்பி நுழையும் இடத்தில் திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ச் செம்மண் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

படி 3: வெளி லைன் எதில் வருகிறது?

செம்புக் கம்பியில் வந்த தரைவழி லைன்களைப் பல ஊர்களில் கண்ணாடி இழைக்கு மாற்றிவருகிறார்கள். ‘ஃபைபர் வந்துவிட்டது, பழைய பெட்டி ஆகாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஃபைபர் மோடத்தில் போன் சாக்கெட் இருந்தால், அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்துப் பழைய பெட்டியின் டிரங்க் போர்ட்டில் செருகலாம். ஆனால் செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. மோடத்துக்கு நீங்கள்தான் யுபிஎஸ் கொடுக்க வேண்டும். 30 பேர் ஒரே நேரத்தில் பேசக்கூடிய பிஆர்ஐ லைனோ, இணையவழி சிப் (SIP) டிரங்கோ எடுக்கப்போகிறீர்கள் என்றால், அதற்கான கார்டு உங்கள் மாடலுக்கு உண்டா என்று இப்போதே விசாரியுங்கள்.

படி 4: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

யார் யாரை அழைக்கிறார்கள், வெளி அழைப்பு எங்கே முட்டி நிற்கிறது என்று வரவேற்பறையில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஆலையில் பெரும்பாலான அழைப்புகள் ஸ்பின்னிங்கிலிருந்து கோன் வைண்டிங்குக்கும், கேட்டிலிருந்து கோடவுனுக்கும்தான். நூல் வாங்குபவர்கள் எல்லாம் செல்போனில் வந்துவிடுகிறார்கள். திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகம் வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. மேசையில் இல்லாத மெர்ச்சண்டைசரின் (ஆர்டர்களைக் கவனிப்பவர்) செல்போனுக்கு அழைப்பு தானாகத் தாவ வேண்டும், பேச்சுப் பதிவாக வேண்டும், இன்னோர் ஊரில் இருக்கும் கிளையும் ஒரே இன்டர்காமில் வர வேண்டும். இவற்றில் இரண்டு உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால், கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஓடும் ஐபி பிபிஎக்ஸ் பெட்டி வாங்குவது நியாயம்.

படி 5: நடந்து தூரத்தை அளந்து பாருங்கள்

ஐபி போனுக்கு நெட்வொர்க் கேபிள் வேண்டும். அதன் எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் வைக்க வேண்டும் அல்லது ஃபைபர் இழுக்க வேண்டும். பழைய தொலைபேசி ஜோடியோ ஆலை வளாகம் முழுவதையும் சாதாரணமாகச் சுற்றி வரும். எங்கள் கேட், விடுதி, ஜெனரேட்டர் அறை மூன்றுமே 100 மீட்டருக்கு வெளியே. விற்பனையாளர் தந்த விலைப்பட்டியலில் இந்தக் கேபிள் வேலை இல்லவே இல்லை.

ஒரு நடுவழி உண்டு. ஐபி பெட்டி வாங்கினாலும், எஃப்எக்ஸ்எஸ் கேட்வே என்ற கருவியை இடையில் வைத்தால் பழைய போன்களும் கம்பிகளும் அப்படியே ஓடும். அலுவலகத்துக்கு மட்டும் ஐபி போன், ஷெட்டுக்குப் பழைய போன்.

படி 6: விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்

இந்த மாடலின் கார்டு இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா, அல்லது பழைய பெட்டியில் கழற்றியதா? ஐபி என்றால் லைசென்ஸ் ஒருமுறைக் கட்டணமா, ஆண்டுதோறுமா? புரோகிராமிங் பாஸ்வேர்டு யார் கையில்? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்புபவரிடம் எதையும் வாங்காதீர்கள். எங்கள் பாஸ்வேர்டு வேலையை விட்டுப்போன ஒரு சர்வீஸ்காரரின் டைரியில் இருந்தது.

படி 7: ஐந்து ஆண்டுக் கணக்கு

பழையதைத் தேற்றும் செலவோடு பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கூட்டுங்கள். புதியதன் விலையோடு ஸ்விட்ச், கேபிள், யுபிஎஸ், லைசென்ஸ் எல்லாவற்றையும் கூட்டுங்கள். பழையதன் கணக்கு புதியதில் பாதியைத் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன். கார்டு தயாரிப்பே நின்றுவிட்டது என்றால் கணக்கே வேண்டாம், மாற்றுங்கள். மாற்றும்போது ஒரு பிரிவை முதலில் நகர்த்தி, இரண்டு பெட்டிகளையும் சில வாரம் சேர்த்து ஓட்டுங்கள். தீபாவளி போனஸ் வாரத்தில் தொடவே கூடாது. பழைய எண் புதிய இணைப்பில் ஒலிப்பதைக் காதால் கேட்ட பிறகே பழைய லைனை ஒப்படையுங்கள். ஐபி பெட்டியின் ஆரம்ப பாஸ்வேர்டை அன்றே மாற்றி, தேவையில்லாத வெளிநாட்டு அழைப்பைப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரியில் எவனோ உங்கள் கணக்கில் உலகம் சுற்றிவிடுவான்.

நாங்கள் ஒரு கார்டு, ஒரு பேட்டரி, கம்பி நுழையும் இடங்களுக்குச் சர்ஜ் தடுப்பான்கள் வாங்கினோம். கெட்ட கம்பிகளை மாற்றினோம். பெட்டி அதேதான். எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் வேலை கேட் காவலாளிக்கு. ஊற்றியதும் இன்டர்காமில் என்னை அழைத்துச் சொல்லிவிடுவார்.