குழந்தையின் தலைக்குள் அழுத்தம்: எங்கே தவறவிடுகிறோம்?

குழந்தை வாந்தி எடுத்தால் முதல் பழி வயிற்றின் மேல்தான். தொக்கம் எடுப்பார்கள், அப்புறம் வாந்தி மருந்து கொடுப்பார்கள். பல நேரம் வயிற்றுக் கோளாறாகவே இருக்கும். ஆனால் வயிற்றுப்போக்கே இல்லை, காலையில் தலைவலியோடு எழுந்து வாந்தி எடுக்கிறது, இதுவே நாள்கணக்கில் தொடர்கிறது என்றால் மருந்தை மாற்றிக்கொண்டிருக்காமல் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் கூடும். காலை நேரத்துக்குக் காரணம் அதுதான். புதிதாக வந்த மாறுகண்ணைக் கண்ணாடிக் கடையோடு முடிப்பதும் இதே ரகத் தவறு.

கைக்குழந்தையின் உச்சிக்குழியை அழும்போது தொட்டுப் பயப்பட வேண்டாம், அழுதால் யாருக்கும் புடைக்கும். அழுகை நின்றதும் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துத் தொடுங்கள். அப்போதும் விம்மி நின்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வார்டில் நடக்கும் பெரிய தவறு, நாடித்துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் ஏறி, மூச்சு தாறுமாறாகும்வரை காத்திருப்பது. அது கடைசிக் கட்டம். மூளைக்காய்ச்சலோடு வந்த 6 வயதுப் பையனின் துடிப்பு 130இலிருந்து 65க்கு இறங்கியதும், ‘காய்ச்சல் விட்டது, அசந்து தூங்குகிறான்’ என்று சார்ட்டை மூடிவிடுகிறோம். எழுப்புங்கள். எழவில்லையா? டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் ஒரே அளவில் சுருங்குகிறதா என்று பாருங்கள்.

மூளைக்காய்ச்சலா என்று பார்க்க, அரைமயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அவசரப்பட்டு முதுகில் நீர் எடுத்தால், மூளை கீழ்நோக்கிப் பிதுங்கிவிடலாம். அதே சமயம் ஸ்கேன் வரட்டும் என்று ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடுவதும் தப்பு. முதல் டோஸ் உடனே போக வேண்டும்.

டிரிப்பில் வெறும் 5% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைத் தண்ணீர்) ஓடினால் அந்தத் தண்ணீர் மூளைக்குள் இறங்கி வீக்கம் கூடும். அடிப்படைத் திரவம் 0.9% சலைன் என்ற உப்புநீர்தான், ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் டெக்ஸ்ட்ரோஸை அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவோம், ஆனால் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும், மூச்சுக்குழாய் டியூப்பைக் கட்டிய நாடா கழுத்தை இறுக்கும். தலையிலிருந்து ரத்தம் எப்படி வடியும்?

மூளை வீக்கத்தை வற்றவைக்க மானிட்டால், 3% சலைன் என்று இரண்டு மருந்து உண்டு, ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் மானிட்டாலைவிட 3% சலைன் பொருத்தம். மானிட்டால் சிறுநீரை இழுத்து ரத்த அழுத்தத்தை இன்னும் இறக்கும். கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை வேகவேகமாக அமுக்குவது மூளைக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். கண்மணி விரிந்து உயிர் ஊசலாடும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் அந்த வழி. ஸ்டீராய்டு, மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்குக் கேட்கும். தலையில் அடிபட்டு வந்த குழந்தைக்கு அதைப் போடக் கூடாது.