நடுவரிடம் அல்ல, முதலாளியிடம் பேசுங்கள்: வணிகப் பாத்திரமேற்றல் போட்டிக்கு ஆயத்தமாகும் முறை

உயர்தர வணிகப் பிரிவில் படித்த காலத்தில் முதன்முதலாக ஒரு வணிகப் பாத்திரமேற்றல் போட்டியில், அதாவது தரப்பட்ட வணிகச் சூழ்நிலையில் ஊழியர் போன்ற பாத்திரமேற்று, முதலாளி போன்ற பாத்திரமேற்கும் நடுவருடன் பேசித் தீர்வு சொல்லும் போட்டியில் கலந்துகொண்டபோது, தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிகளில் பழகிய பழக்கத்தோடு அறைக்குள் நுழைந்து, நிமிர்ந்து நின்று, "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று தொடங்கினேன். எதிரே இருந்தவர் "இருங்க தம்பி" என்று கதிரையைக் காட்டினார். நானோ உட்காராமல் ஆறு நிமிடம் முழங்கிவிட்டு வெளியே வந்தேன். புள்ளித்தாளில் அவர் எழுதியிருந்தது ஒரே வரிதான்: "என்னுடன் பேசவில்லை."

இப்போது மட்டக்களப்பில் உயர்தர மாணவர் சிலருக்குப் பயிற்சியளிக்கிறேன். அவர்களுக்குச் சொல்லும் ஒழுங்கிலேயே இங்கும் எழுதுகிறேன்.

படி 1: விதிகளை வாசித்தல்

இவ்வகைப் போட்டிக்கு நன்கு அறியப்பட்ட முன்மாதிரி, அமெரிக்காவில் 1946 இல் தொடங்கப்பட்ட டெக்கா என்னும் மாணவர் அமைப்பு நடத்துவது. அதன் தனிநபர் தொடர்ப் போட்டிகளில் ஒரு வணிகச் சூழ்நிலையும் ஐந்து மதிப்பீட்டுக் குறிகாட்டிகளும் (பேச்சில் நீங்கள் காட்ட வேண்டிய, புள்ளியிடப்படும் விடயங்கள்) அச்சிட்ட தாள் கையில் தரப்படும்; ஆயத்தத்துக்குப் பத்து நிமிடம், நடுவருடன் பத்து நிமிடம். இருவர் சேர்ந்து முடிவெடுக்கும் போட்டியில் ஆயத்தத்துக்கு முப்பது நிமிடமும் உரையாடலுக்குப் பதினைந்து நிமிடமும் உண்டு, குறிகாட்டிகள் ஏழு. மாதிரித் தாள்கள் அந்த அமைப்பின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. உங்கள் போட்டியின் நேரமும் புள்ளிமுறையும் வேறாக இருக்கக்கூடும் என்பதால், ஏற்பாட்டாளர் அனுப்பிய சுற்றுநிருபத்தையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

படி 2: பத்து நிமிடத்தைப் பங்கிடுதல்

கதையை வாசிக்கும் முன், நீங்கள் யார், நடுவர் யார், குறிகாட்டிகள் எவை என்ற மூன்றையும் கோடிடுங்கள். இதற்கும் கதைக்குமாக மூன்று நிமிடம். அடுத்த ஐந்து நிமிடத்தில், தாளை ஐந்து பகுதிகளாகக் கோடு போட்டு, ஒவ்வொரு குறிகாட்டிக்கும் இரண்டு மூன்று சொற்கள் மட்டும் எழுதுங்கள். முழு வாக்கியம் எழுதினால் அதைப் பார்த்தே வாசிப்பீர்கள். மிஞ்சும் இரண்டு நிமிடம் முதல் வாக்கியத்துக்கு உரியது.

பயிற்சிக்குக் கைப்பேசியைவிட, மேசையில் நிமிர்த்தி வைத்த சாதாரண மணிக்கூடே நல்லது என்பது என் கருத்து. கைப்பேசியின் ஓசைக்குப் பழகியவர்கள் அந்த ஓசை ஒலிக்கும் வரை நேரத்தையே நினைப்பதில்லை.

படி 3: கணக்கோடு ஒரு தீர்வு

நான் எழுதிக் கொடுக்கும் பயிற்சிச் சூழ்நிலைகளில் ஒன்று இது. நீங்கள் மருதமுனையில் உள்ள ஒரு கைத்தறி நிலையத்தின் உதவி முகாமையாளர். நடுவர் அதன் உரிமையாளர். அறுகம்பை விடுதியொன்று 60 கட்டில் விரிப்புகளை 10 சதவீதக் கழிவோடும் 45 நாள் கடனோடும் கேட்கிறது. விரிப்பின் விலை 4,000 ரூபாய், மாறும் கிரயம், அதாவது ஒவ்வொரு விரிப்புக்கும் நேரடியாக ஆகும் செலவு, 2,900 ரூபாய்.

பெரும்பாலானோர், "கழிவு கொடுத்தால் வாடிக்கையாளர் நிலைப்பார்" என்று சொல்லி நிறுத்திவிடுகின்றனர். கணக்கைப் போட்டுப் பாருங்கள். முழு விலையில் ஒரு விரிப்பின் பங்களிப்பு, அதாவது விலையிலிருந்து மாறும் கிரயத்தைக் கழித்தால் மிஞ்சுவது, 1,100 ரூபாய். 60 விரிப்புக்கு 66,000 ரூபாய். கழிவு கொடுத்தபின் விலை 3,600 ரூபாய் ஆகிறது, பங்களிப்போ 700 ரூபாயாக இறங்குகிறது. அதே 66,000 ரூபாயை எட்ட 95 விரிப்புகள் விற்க வேண்டும். விலையில் பத்திலொன்றை விட்டுக்கொடுத்தவர் பங்களிப்பில் மூன்றிலொன்றுக்கு மேல் இழக்கிறார் என்பது இங்கேதான் தெரிகிறது. ஆகவே, 95 விரிப்புகளுக்குக் கட்டளையிட்டால் மட்டும் கழிவு என்றோ, 60 என்றால் முழு விலையும் பாதிப் பணம் முற்பணமும் என்றோ முன்மொழியலாம். உரிமையாளர் கேட்க விரும்புவது 95 என்ற இந்த ஒற்றை எண்ணைத்தான்.

படி 4: உரையாடலாக மாற்றுதல்

நான் சறுக்கிய இடம் இதுவே என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் புள்ளியிடுபவர் என்பதை மறந்து, அவர் உங்கள் முதலாளி என்றே நடந்துகொள்ள வேண்டும். "இப்போது நான் சந்தைப்படுத்தலை விளக்கப் போகிறேன்" என்று எந்த உதவி முகாமையாளரும் தன் முதலாளியிடம் சொல்வதில்லை, "சேர், அந்த விடுதிக்காரர் கேட்ட கழிவைப் பற்றிப் பேச வந்தேன், ஐந்து நிமிடம் ஒதுக்க முடியுமா?" என்றுதான் தொடங்குவார். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, "சென்ற பருவத்திலும் அவர்கள் கடன் கேட்டார்களா?" என்பது போன்ற உண்மையான கேள்வியொன்றைக் கேளுங்கள். குறிகாட்டியின் சொல்லைப் பேச்சில் ஒருமுறையாவது இயல்பாகப் பயன்படுத்தினால், நடுவர் புள்ளியிட வேண்டிய இடத்தைத் தேட வேண்டியிராது.

இதைப் பழக நண்பர்கள் உதவமாட்டார்கள், அவர்கள் தலையாட்டிவிடுவார்கள். நாங்கள் காத்தான்குடியில் புடவைக்கடை நடத்தும் ஒருவரை நடுவராக இருக்கக் கேட்டுக்கொண்டோம். ஒரு மாணவி எட்டு நிமிடம் பிசகின்றி விளக்கி முடித்ததும், அவர் கேட்டது, "எல்லாம் சரி மகள், நூல்காரனுக்கு நான் இந்தக் கிழமை காசு கட்டணும், விடுதிக்காரன் நாற்பத்தைந்து நாள் கழிச்சுத் தருவான், நடுவுல நான் என்ன செய்ய?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னரே முற்பணம் என்ற யோசனை எங்கள் தீர்வில் சேர்ந்தது.

பிற்சேர்க்கை: இதை முதலில் எழுதியபின் வாசகர்கள் இரு சிக்கல்களைச் சுட்டிக்காட்டினர். கல்முனையிலிருந்து ஒரு மாணவர், ஆறாவது நிமிடத்திலேயே பேச்சு முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டாம், "இதில் உங்களுக்கு எந்த இடத்தில் ஐயம் இருக்கிறது, சேர்?" என்று கேட்டு நிறுத்துங்கள், மிகுதி நேரத்தை அவருடைய கேள்விகள் நிரப்பும். இருவர் போட்டியில் ஒருவரே பேசிவிடுகிறார் என்பது மற்றொருவரின் முறைப்பாடு. அதற்கு, ஆயத்த நேரத்திலேயே குறிகாட்டிகளை இருவர் பெயரிலும் பிரித்து, அவரவர் எழுத்தை இரண்டு நிறப் பேனாவால் எழுதுகிறோம். தாளைப் பார்த்தவுடன் யாருடைய முறை என்பது தெரிந்துவிடும்.