ஏஎஃப்எல் டிராஃப்ட் பேச்சில் கலந்துகொள்வது எப்படி? புதிய ரசிகர்களுக்கு ஒரு செய்முறை

செப்டம்பர் கடைசியில் கிராண்ட் ஃபைனல் முடிந்தால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலின் முதன்மை லீகான ஏஎஃப்எல்லின் சீசன் ஓய்ந்துவிடும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். புள்ளிப் பட்டியலின் அடியில் கிடக்கும் கிளப்பின் ரசிகரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு ஜூலையிலேயே இன்னொரு சீசன் ஆரம்பித்திருக்கும். நவம்பர் டிராஃப்டில் நம்ம கிளப் எந்தப் பையனை எடுக்கும், யாரை விடும், யார் நம்ம கைக்கு வரும்வரை மிஞ்சுவான் என்கிற பேச்சுதான் அது.

அந்தப் பேச்சில் புதிதாகச் சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோலுக்கு 6 புள்ளி, பிஹைண்டுக்கு 1 புள்ளி, ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர் என்ற அளவுக்கு ஆட்டம் தெரிந்தால் போதும். நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: ஒரு பையனை வரிசையில் வைப்பதற்கு முன் அவன் ஆடுவதைப் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்கள் போட்ட பட்டியலைப் பார்த்துப் பட்டியல் போடுவதில் ஒரு சாரமும் கிடையாது. இங்கே ஆண்கள் டிராஃப்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெண்கள் டிராஃப்டுக்குத் தனியாகவே எழுத வேண்டும்.

படி 1: டிராஃப்ட் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் காட்டி ஆளை வாங்குகிற கதை இங்கே இல்லை. 1986இல் தொடங்கிய இந்த முறையில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. இந்த வாய்ப்பைத்தான் ‘பிக்’ என்கிறோம். கிளப்புகள் தங்களுக்குள் பிக்குகளை மாற்றிக்கொள்ளலாம். அந்த வருஷம் டிசம்பர் 31க்குள் 18 வயது நிறைகிற பையன்கள் தகுதி பெறுவார்கள்.

பையனுக்கு இதில் தேர்வு கிடையாது. பெர்த்தில் வளர்ந்தவனை பிரிஸ்பேன் கூப்பிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதனால் ‘வீட்டுக்குத் திரும்பிவிடுவானோ’ என்ற கவலை டிராஃப்ட் பேச்சில் எப்போதும் இருக்கும். 2021இல் முதல் பிக்காக நார்த் மெல்பர்னுக்குப் போன தென் ஆஸ்திரேலியப் பையன் ஜேசன் ஹார்ன்-ஃப்ரான்சிஸ் ஒரே சீசனில் தன் மாநில கிளப்பான போர்ட் அடிலெய்டுக்கு மாறியது ரசிகர்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

படி 2: எங்கே பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

விக்டோரியாப் பையன்களுக்கு டேலண்ட் லீக். ஓக்லி சார்ஜர்ஸ், சாண்டிரிங்ஹாம் டிராகன்ஸ், பெண்டிகோ பயனியர்ஸ், கிப்ஸ்லாண்ட் பவர் போன்ற வட்டார அணிகள் அதில் ஆடுகின்றன. தென் ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் எஸ்ஏஎன்எஃப்எல், டபிள்யூஏஎஃப்எல் என்ற மாநில லீகுகளின் கிளப்புகளுடைய இளையோர் அணிகளைப் பாருங்கள். இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது 18 வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டி. விக் மெட்ரோ (விக்டோரியாவின் நகரப் பகுதி), விக் கன்ட்ரி (அதன் நாட்டுப்புறப் பகுதி), தென் ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு மற்ற மாநிலங்கள் சேர்ந்த அல்லைஸ் அணியும் மோதும். நல்லவர்கள் நல்லவர்களை எதிர்த்து ஆடுவது அங்கேதான். அதில் சிறந்த ஆட்டக்காரனுக்கு லார்க் மெடல்.

ஒரு எச்சரிக்கை. மெல்பர்னின் பெரிய தனியார் பள்ளிகளில் படிக்கும் பையன்கள் பள்ளி அணிக்கும் ஆட வேண்டியிருக்கும். டேலண்ட் லீக் கணக்கில் அவர்களுக்கு ஆட்டங்கள் குறைவாகக் காட்டும். அதை வைத்து ‘இவன் ஆடவே இல்லையே’ என்று சொல்லிவிடாதீர்கள்.

படி 3: ஒரு குவார்ட்டர், ஒரு பையன்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். பந்து போகும் பக்கமே கண்ணும் போகும். பந்தை விடுங்கள். ஒரு குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கால் பகுதி, முழுக்க ஒரே ஒரு பையனை மட்டும் பாருங்கள்.

மிட்ஃபீல்டர் என்றால் நடுவர் பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடக்கும் நேரம்தான் உங்களுக்குப் பொக்கிஷம். அந்தப் பந்தைத் தட்டிவிடக் குதிக்கும் உயரமான ரக் ஆட்டக்காரர்கள் இருவரும் மேலே எழும்பும் அந்த நொடியில் உங்கள் பையனின் தலையைக் கவனியுங்கள். பந்து கைக்கு வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பி, எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்த்தானா? குனிந்து பந்தை எடுக்கும்போது ஒரே பிடியில் வந்ததா, தட்டித் தடவி வந்ததா? எடுத்த பிறகு எத்தனை எட்டு வைக்க நேரம் கிடைத்தது? நெரிசலில் ஒரு எட்டுக்கு மட்டும் இடம் இருக்கும்போது நல்ல ஹேண்ட்பால் (பந்தை முஷ்டியால் குத்தி அனுப்புவது) கொடுக்கிறவன் பெரியவர்கள் ஆட்டத்திலும் பிழைப்பான். இளையோர் ஆட்டத்தில் உடம்பு பலத்தால் மட்டும் இடித்துக்கொண்டு வெளியே வருகிறவன், தன்னைப்போலவே தடித்த ஆட்களைச் சந்திக்கும்போது என்ன செய்வான் என்பது வேறு கேள்வி.

பிறகு அவன் உதைக்கும் காலைப் பாருங்கள். வலது காலுக்கு வழி அடைபட்டால் இடது காலில் உதைக்கிறானா, சுற்றி வளைத்து மறுபடி வலது காலுக்கே வருகிறானா? அந்த வளைவுக்குள் ஏஎஃப்எல்லில் எதிராளி கட்டிப் பிடித்து டேக்கிள் செய்துவிடுவான்.

உயரமான ஃபார்வர்ட் என்றால் மார்க் (உதைத்து வரும் பந்தைத் தரையில் விழாமல் பிடிப்பது) பிடித்தானா என்பதைவிட, அதற்கு எப்படி ஓடி வந்தான் என்பதில் கண் வையுங்கள். ஓடிவிட்டு உடனே இரண்டாவது தடவையும் ஓடுகிறானா? முப்பது நிமிஷம் பந்தே வராதபோது என்ன செய்கிறான்?

எனக்கு மிகவும் பிடித்த கவனிப்பு ஒன்று உண்டு. அவன் ஒரு உதையைக் கெடுத்த பிறகு வரும் பத்து விநாடி. கையை உதறிக்கொண்டு நிற்கிறானா, பந்தைத் துரத்தித் திரும்ப ஓடுகிறானா? எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இது வராது.

படி 4: கையோடு எழுதி வையுங்கள்

நினைவை நம்பாதீர்கள். தேதி, எதிரணி, மழையா வெயிலா, பையனின் பிறந்த மாதம் ஆகியவை மேலே இருக்கட்டும். பிறந்த மாதம் ஏன் என்றால், ஒரே டிராஃப்டில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் நிற்பார்கள். பதினேழு வயதில் பதினோரு மாத வளர்ச்சி சின்ன விஷயமா? குறிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

“எண் 23. இரண்டாம் குவார்ட்டர், ஈரத் தரை. நடுவில் நான்கு தடவை பந்துக்கு முதலில் போனான், மூன்றில் சுத்தமாக எடுத்தான். ஹேண்ட்பால் எல்லாம் இடது கையில். ஐம்பது மீட்டர் கோட்டுக்குள் உதைத்த இரண்டும் உயரத் தொங்கின, டிஃபெண்டருக்குச் சாதகம். பந்து போனதும் திரும்பி ஓடினான்.”

‘சூப்பர் ஆட்டம்’, ‘சுமார்’ என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மேலே இருப்பதைப் போல எழுதினால் வாதத்தில் அதையே எடுத்து வைக்கலாம்.

படி 5: கம்பைன் எண்களை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்

அக்டோபரில் நடக்கும் கம்பைன் என்ற உடல்திறன் சோதனையில் 20 மீட்டர் ஓட்டம், நின்று குதிப்பது, ஓடிக் குதிப்பது, வளைந்து ஓடுவது, 2 கிலோமீட்டர் ஓட்டம் எல்லாம் அளப்பார்கள். ஆட்டத்தில் நீங்கள் பார்த்ததை உறுதிசெய்ய இவை உதவும். வேகமாக ஓடுகிறான் என்பதற்காக மட்டும் ஒருவனை இருபது இடம் மேலே ஏற்றாதீர்கள்.

உயர அளவிலும் இதே கதைதான். கேலப் டேனியல் 2014 தேசியப் போட்டியில் லார்க் மெடல் வென்றவர். உயரம் 168 செ.மீ. அந்த வருஷ டிராஃப்டில் 46வது பிக் வரை காத்திருந்தார். எடுத்த வெஸ்டர்ன் புல்டாக்ஸுடன் 2016இல் கோப்பை, 2020இல் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் (அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து அறிவிக்கும் அணி) இடம். அவர் பந்தை உதைக்கும் நேர்த்தி 2014லேயே எல்லார் கண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது.

படி 6: ஃபேன்டம் டிராஃப்ட் போடுங்கள்

‘என் வரிசை’ வேறு, ‘ஃபேன்டம் டிராஃப்ட்’ வேறு. முதலாவது யார் நல்லவன் என்ற உங்கள் மதிப்பீடு. இரண்டாவது எந்த கிளப் யாரை எடுக்கும் என்ற கணிப்பு. இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், கலந்தால் வாதம் சண்டையாகிவிடும்.

கணிப்பில் சிக்கலான இடம் ஃபாதர்-சன் விதி. தந்தை ஒரு கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்த கிளப்புக்கு உரிமை உண்டு. வேறு கிளப் அவன் பெயரைக் கூப்பிட்டதும், உரிமையுள்ள கிளப் தன் கையிலுள்ள பிக்குகளின் புள்ளிகளைக் கொடுத்து அவனைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். முதல் பிக்கின் மதிப்பு 3000 புள்ளி. 2021இல் கோல்ட் கோஸ்ட் நிக் டெய்கோஸைக் கூப்பிட்டது, காலிங்வுட் புள்ளி கொடுத்து 4வது பிக்காக எடுத்துக்கொண்டது. 2022இல் வில் ஆஷ்கிராஃப்டுக்கு நார்த் மெல்பர்ன் குரல் கொடுக்க, பிரிஸ்பேன் அப்படியே ஈடுகட்டியது. வடக்கு மாநில கிளப்புகள் நடத்தும் பயிற்சி அகாடமிகளில் வளர்ந்த பையன்களுக்கும் இதே வழிதான். இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் பின்னால் இருக்கும் எல்லாருடைய பிக்கும் ஓர் இடம் கீழே இறங்கும். உங்கள் பட்டியலில் இதைக் கணக்கில் எடுங்கள்.

படி 7: பேசும் விதம்

இதை நான் மனதாரச் சொல்கிறேன். நீங்கள் பேசுவது பள்ளி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பையனைப் பற்றி. அவனும் அவன் அம்மாவும் நீங்கள் எழுதுவதைப் படிக்கக்கூடும். ‘இடது கால் இன்னும் தேறவில்லை’ என்று எழுதுங்கள். ‘தேறமாட்டான்’, ‘வேஸ்ட்’ என்று எழுதாதீர்கள். அவன் குடும்பம், காதல், உடம்பு, மதிப்பெண் எதுவும் உங்கள் பேச்சுக்குள் வர வேண்டாம். காயம் பற்றி கிளப்போ லீகோ அறிவித்ததை மட்டும் சொல்லுங்கள்.

டாம் பாய்ட் 2013இல் முதல் பிக். ஒரே சீசன் கழித்து பெரிய ஒப்பந்தத்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு வந்தார். 2016 கிராண்ட் ஃபைனலில் மூன்று கோல் போட்டுக் கோப்பைக்குக் கை கொடுத்தார். 2019இல் 23 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். மனநலப் போராட்டத்தைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ‘நம்பர் ஒன்’ என்ற சொல்லை ஒரு பையன் தோளில் ஏற்றும்போது அதன் கனத்தையும் நாம் நினைக்க வேண்டும்.

படி 8: பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள்

டிராஃப்ட் இரவு முடிந்ததும் அவசரமாக ‘வென்றவர், தோற்றவர்’ எழுதுவதை நான் செய்வதில்லை. 2001 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். லூக் ஹாட்ஜ் முதல் பிக், லூக் பால் இரண்டாவது, கிறிஸ் ஜட் மூன்றாவது. மூவரும் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். அதே டிராஃப்டில் சாம் மிட்செல் 36வது, கேரி ஆப்லெட் ஜூனியர் 40வது, டேன் ஸ்வான் 58வது. பின்னாளில் இந்த மூவருமே சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ மெடல் வாங்கினார்கள். ரக் ஆட்டக்காரர்கள் கனிய இன்னும் நாளாகும். 2009இல் 34வது பிக்காக மெல்பர்ன் எடுத்த மேக்ஸ் கான் முதல் ஆல்-ஆஸ்திரேலியன் ஆனது 2016இல்.

பெயர் கூப்பிடப்படாத பையன்களையும் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். தேசிய டிராஃப்ட் முடிந்ததும் ரூக்கி டிராஃப்ட் இருக்கிறது, சீசன் நடுவிலும் ஒரு டிராஃப்ட் இருக்கிறது. அவர்களைத் தனித் தாளில் எழுதி, அடுத்த வருஷம் எந்த மாநில லீகில் ஆடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். சவுத் ஃப்ரீமாண்டிலில் ஆடிக்கொண்டிருந்த மார்லியன் பிக்கெட்டை 2019 சீசன் நடுவில் ரிச்மண்ட் எடுத்தபோது அவருக்கு வயது 27. ஏஎஃப்எல்லில் அவருடைய முதல் ஆட்டமே அந்த வருஷ கிராண்ட் ஃபைனல். ரிச்மண்ட் 89 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.